கைகாட்டிச் சென்றோர்: போலந்துச் சாலைகளின் ஒரு வரலாறு

பயண வரலாறு என்று எழுதப்பெற்றவற்றுள் பெரும்பகுதி பொருளுடையோரின் வரலாறே. மன்னர் படை நடத்திய வழிகளும், வணிகர் சரக்கேற்றிய துறைகளும், அடியார் திரண்டு சென்ற தலங்களும் ஏடுகளில் இடம்பெற்றுள்ளன. கையில் காசில்லாமல் ஊர் காணப் புறப்பட்டவனைப் பற்றிய குறிப்போ அரிது. அவன் விடுதிக் கணக்கில் இடம்பெறுவதில்லை, சுங்கச் சாவடியில் வரி கட்டுவதில்லை, பயணச்சீட்டும் வாங்குவதில்லை. அவனுக்கு இடங்கொடுத்தவனும் அதனை எங்கும் எழுதி வைப்பதில்லை.

இந்தப் பொதுநிலைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 1950களின் இறுதி தொடங்கி 1990களின் நடுப்பகுதிவரை, போலந்து நாட்டில், சாலையோரம் நின்று கைகாட்டும் வழிப்போக்கனுக்கென்றே ஒரு சிறு புத்தகம் அச்சிட்டு விற்கப்பட்டது. அவன் எத்தனை கிலோமீட்டர் இலவசமாகச் சென்றான், எந்த ஓட்டுநர் அவனை ஏற்றிச் சென்றார் என்பனவெல்லாம் சீட்டுகளாகக் கைமாறின. காசற்றவனின் பயணத்துக்கு ஒரு நாடு கணக்கு வைத்த கதை அது.

வழியே செல்லும் வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, கட்டணமின்றி ஏறிச் செல்லும் வழக்கம் தமிழ்நாட்டுச் சாலைகளில் 'லிப்ட் கேட்பது' எனப்படுகிறது. போலந்தியர் அதனை 'ஆட்டோஸ்டாப்' என்பர். மோட்டார் வண்டி பெருகிய அமெரிக்காவில் 1920களிலேயே இவ்வழக்கம் வேரூன்றியது. 1930களின் பொருளாதாரப் பெருவீழ்ச்சியில் வேலை தேடி அலைந்தோரும், இரண்டாம் உலகப்போரின்போது விடுப்பில் ஊர் திரும்பிய படைவீரரும் அதனைப் பெருக்கினர். ஆயினும் எந்நாட்டிலும் காவல்துறை இத்தகைய பயணியைச் சற்று ஐயத்தோடு நோக்குவதே வழக்கம். போலந்திலோ அவன் அரசின் இசைவோடு, காப்பீட்டோடு, பெயர் பொறித்த புத்தகத்தோடு சாலையில் நின்றான். அதுவும் தன் குடிமக்களை எளிதில் நம்பாத ஓர் அரசின் காலத்தில் நடந்தது. இம்முரண்பாடே இவ்வரலாற்றை ஆராயத் தூண்டுகிறது.

போருக்குப் பின்

1939 முதல் 1945 வரை நடந்த போரில் போலந்து ஏறத்தாழ 60 இலட்சம் குடிமக்களை இழந்தது. அவர்களுள் பாதிப்பேர் யூதர். தலைநகர் வார்சாவின் பெரும்பகுதி தரைமட்டமாயிற்று. போரின் பின் வந்த பொதுவுடைமை ஆட்சியின் முதற் பத்தாண்டுகள் அச்சத்தின் ஆண்டுகளாயின. அண்டை வீட்டார் என்ன கூறுவர், எவர் எவரிடம் எதை உரைப்பர் என்ற கவலை மக்களின் பேச்சையே சுருக்கிவிட்டது. முன்பின் அறியாத ஒருவரோடு இரண்டு மணி நேரம் ஒரே வண்டியில் அமர்ந்து பேசுவது அக்காலத்தில் எளிய செயலன்று.

1956ஆம் ஆண்டு இந்நிலையை மாற்றியது. அவ்வாண்டு ஜூன் திங்களில் போஸ்னான் நகரத் தொழிலாளர் ஊதியத்துக்காகவும் உணவுக்காகவும் தெருவில் இறங்கினர். படை ஏவப்பட்டது, பலர் உயிரிழந்தனர். அக்டோபரில் கொமுல்கா கட்சித் தலைமைக்கு வந்தார். தணிக்கையின் பிடி தளர்ந்தது. கூட்டுப் பண்ணைகளுள் பெரும்பாலானவை கலைக்கப்பட்டன. இளைஞர் இதழ்கள் துணிந்து எழுதலாயின. இத்தளர்வு நெடுநாள் நீடிக்கவில்லை. மாணவர் பெரிதும் விரும்பிய 'போ ப்ரோஸ்து' என்னும் வார இதழ் 1957 அக்டோபரிலேயே மூடப்பட்டது. எனினும் ஓராண்டுக் காலம் திறந்திருந்த அந்தச் சாளரத்தின் வழியே உள்ளே வந்தவற்றுள் சில தங்கிவிட்டன. ஆட்டோஸ்டாப் அவற்றுள் ஒன்று.

அக்காலப் போலந்தில் சொந்தக் கார் என்பது அரியதொரு பொருள். சோவியத் உரிமத்தின்கீழ் 'வார்சாவா' கார் 1951 முதலும், உள்நாட்டு வடிவமைப்பான 'சிரேனா' 1957 முதலும் உருவாக்கப்பட்டன. அவற்றைப் பெறும் பேறு சிலருக்கே வாய்த்தது. சாலையில் ஓடியவை பெரும்பாலும் அரசு நிறுவனங்களின் சரக்கு லாரிகள். வெளிநாடு செல்வதோ அதனினும் அரிது. கடவுச்சீட்டு குடிமகனின் வீட்டில் இருப்பதில்லை. காவல்துறை அலுவலகத்திலிருந்து கேட்டுப் பெறவேண்டும்; பயணம் முடிந்ததும் திருப்பி ஒப்படைக்க வேண்டும். ஆக, உலகம் காண விழைந்த இளைஞனுக்கு எஞ்சியது தன் நாடு ஒன்றே. அதனையேனும் முழுதும் காணலாம் என்று அவன் புறப்பட்டான்.

புத்தகமும் சீட்டும்

1957ஆம் ஆண்டுக் கோடையில் இளைஞர் இருவர், வழியில் வரும் வண்டிகளை மட்டும் நம்பி நாட்டுக்குள் பயணம் செய்து பார்த்தனர். 'உலகைச் சுற்றி' எனப் பொருள்படும் பெயருடைய இளைஞர் வார இதழொன்று அம்முயற்சிக்குத் துணைநின்றது. முயற்சி வெற்றி பெறவே, மறு ஆண்டு ஆட்டோஸ்டாப்புக்கென ஒரு பொதுக்குழு அமைந்தது. கோடைப் பருவத்தில் செல்லுபடியாகும் புத்தகங்களை அக்குழு வெளியிட்டது.

அப்புத்தகத்தின் அமைப்பு எளியது. உள்ளே, கிலோமீட்டர் அளவு அச்சிடப்பெற்ற சீட்டுகள் இருக்கும். வைத்திருப்பவரின் பெயர் அதில் எழுதப்பெற்றிருக்கும். விபத்துக் காப்பீடும் அதன் விலையிலேயே அடங்கும். சாலையோரம் நிற்கும் பயணி அதன் அட்டையை உயர்த்திக் காட்டுவான். நிறுத்தி ஏற்றிச் செல்லும் ஓட்டுநருக்கு, இறங்கும் இடத்தில், வந்த தொலைவுக்கு ஈடான சீட்டுகளைக் கிழித்துக் கொடுப்பான். ஓட்டுநர் அவற்றைச் சேர்த்து, பருவ முடிவில் குழுவுக்கு அனுப்புவார். நிறையச் சேர்த்தோருக்குக் குலுக்கல் முறையில் பரிசுகள் கிடைக்கும்.

சீட்டு என்பது கட்டணமா, அன்றா என்னும் வினா இங்கு எழும். அதற்கு விடை காண அந்நாட்டின் மற்றொரு வழக்கத்தையும் அறிய வேண்டும். அரசு லாரிகளையும் பேருந்துகளையும் ஓட்டியோர், கணக்கில் காட்டாமல் ஆள் ஏற்றிக் காசு வாங்குவது அக்காலத்தில் பரவியிருந்தது. 'தலைக்கு இவ்வளவு' என்னும் பொருள்படும் பேச்சுவழக்குச் சொல்லால் அதனைக் குறித்தனர். அங்கே பயணி வாடிக்கையாளன், ஓட்டுநர் விற்பவர், இறங்கியதும் இருவர்க்குமிடையே எச்சம் ஏதுமில்லை. சீட்டின் தன்மை வேறு. அதனைக் கொண்டு கடையில் ஒரு ரொட்டியும் வாங்க முடியாது. பரிசு விழலாம், விழாமலும் போகலாம். ஒருவன் மற்றொருவனை இத்தனை தொலைவு சுமந்து சென்றான் என்பதற்கு அது சாட்சி மட்டுமே. அந்தச் சாட்சியத்தைப் பெறுவதில் ஓட்டுநருக்கு ஒரு மதிப்பும், கொடுப்பதில் பயணிக்கு ஒரு நிமிர்வும் இருந்தன. இரந்து ஏறினோம் என்ற கூச்சம் அவனுக்கு இல்லை. ஏமாந்து ஏற்றினோம் என்ற ஐயம் இவருக்கும் இல்லை.

இதில் அரசுக்கும் ஆதாயம் இருந்தது. பெயர் எழுதிய புத்தகம் ஒரு வகையில் கண்காணிப்பே. எவர் சாலையில் அலைகிறார் என்பது ஓரளவு தெரிந்திருக்கும். காலியாகத் திரும்பும் லாரியில் ஓர் ஆள் ஏறுவதால் அரசுக்குச் செலவில்லை. இரயில்களின் நெரிசலோ சற்றுக் குறையும். மேலும், வெளிநாட்டுக் கதவைத் திறக்காமலே இளைஞரின் அலையும் ஆவலுக்கு ஒரு வடிகால் கிடைத்தது. எனவே இதனை ஆட்சியாளரின் பெருந்தன்மை என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. கடவுச்சீட்டைத் தன் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்ட அரசு, ஆட்டோஸ்டாப் புத்தகத்தை இளைஞனின் சட்டைப்பையில் வைத்தது. இரு தாள்களும் ஒரே காலத்தவை. ஒன்று நம்பாமையின் தாள். மற்றது, நம்புமாறு குடிமக்களை ஒருவரோடொருவர் இணைத்த தாள்.

குறைந்த செலவில் ஒரு நாடு

வண்டி கிடைத்தால் மட்டும் பயணம் நிறைவுறாது. உண்ணவும் உறங்கவும் வழி வேண்டும். போலந்தில் அவ்விரண்டுக்கும் பழைய அடித்தளம் இருந்தது.

தாத்ரா மலைச் சங்கம் 1873இல் தோன்றியது. நாடறியும் சங்கம் 1906இல் அமைந்தது. அப்போது போலந்து என்னும் நாடே நிலப்படத்தில் இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று பேரரசுகள் அதனைப் பங்கிட்டுக் கொண்டிருந்தன. சொந்த நிலத்தைக் காலால் நடந்து அறிவது அக்காலத்தில் நாட்டுப்பற்றின் ஒரு வடிவமாக விளங்கியது. இவ்விரு சங்கங்களும் 1950இல் ஒன்றாக இணைக்கப்பட்டன. அச்சங்கத்தின் மலைக்குடில்களில், இருட்டிய பின்னோ மழையிலோ வந்து சேர்பவரைத் திருப்பியனுப்பலாகாது என்னும் மரபு நிலைபெற்றது. கட்டில் இல்லையெனில் தரையில் படுத்துக்கொள்ளலாம். குடிக்கவும் உணவு ஆக்கவும் வெந்நீர் இலவசம். தன் பையில் தேயிலையும் ரொட்டியும் வைத்திருந்தவன் ஏறத்தாழச் செலவின்றியே மலைத்தொடர் முழுதும் நடந்துவிடலாம்.

நகரங்களில் 'பால் உணவகங்கள்' இருந்தன. அவற்றுள் முதலாவது 1896இல் வார்சாவில் திறக்கப்பட்டது. பாலும் மாவும் முட்டையும் காய்கறியும் கொண்டு ஆக்கிய எளிய உணவு அங்கே கிடைக்கும். பொதுவுடைமைக் காலத்தில் அரசு மானியத்தோடு அவை நாடெங்கும் பரவின. பீட்ரூட் சாறும், பூரணம் பொதித்து வேகவைத்த கொழுக்கட்டை போன்ற 'பியெரோகி'யும் அங்கு மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தன. ஓய்வூதியம் பெறும் முதியவரும் மாணவரும் சுமைப்பையோடு வந்த வழிப்போக்கனும் ஒரே மேசையில் அமர்ந்தனர்.

மேலைநாடுகளிலிருந்து வந்த இளைஞருக்குப் போலந்துப் பயணம் சற்று வேறுபட்ட அனுபவமாயிற்று. தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் குறிப்பிட்ட தொகையை அரசு விகிதத்தில் உள்நாட்டு நாணயமாக மாற்றியே தீரவேண்டும் என்னும் விதி நெடுங்காலம் நிலவியது. அத்தொகையை எப்படிச் செலவிடுவது என்பதே பலருக்குச் சிக்கலாயிற்று. சாலையும் உணவும் அவ்வளவு மலிவு. ஆட்டோஸ்டாப் புத்தகத்தை அயல்நாட்டாரும் வாங்கலாம். பிரெஞ்சோ ஆங்கிலமோ பேசும் ஓர் இளைஞன், ஒரு சொல்லும் புரியாத லாரி ஓட்டுநரின் அருகில் அமர்ந்து ஊர் ஊராகச் சென்றான். ஐரோப்பாவைப் பிளந்து நின்ற இரும்புத்திரையின் இருபுறத்தாரும் நேருக்கு நேர் சந்தித்த இடங்கள் மிகச் சில. லாரியின் முன்னிருக்கை அவற்றுள் ஒன்று.

திரையில், பாட்டில், கவிதையில்

ஒரு பழக்கம் மக்கள் வாழ்வில் ஊறிவிட்டது என்பதைக் கலைகள் காட்டிக்கொடுக்கும். 1960களில் காரின் ஸ்தானெக் என்னும் இளம் பாடகி, ஆட்டோஸ்டாப்பில் செல்வோரைப் பற்றிய துள்ளல் பாட்டொன்றைப் பாடினார். அது நாடெங்கும் பரவியது. கோடை விடுமுறை என்றாலே அப்பாட்டின் மெட்டு நினைவுக்கு வரும் நிலை உண்டாயிற்று.

அதே காலத்தின் மறுபக்கத்தை ரோமன் போலன்ஸ்கியின் முதல் முழுநீளத் திரைப்படமான 'நீரில் கத்தி' (1962) காட்டியது. சொந்தக் காரில் ஏரிக்குச் செல்லும் ஒரு தம்பதியர், சாலையின் நடுவே நிற்கும் இளைஞன் ஒருவனை ஏற்றிக்கொள்கின்றனர். படம் முடியும்வரை அவனுக்குப் பெயரே இல்லை. வசதி படைத்த கணவனுக்கும் ஏதுமற்ற இளைஞனுக்கும் இடையே பாய்மரப் படகில் ஒரு நாள் முழுதும் மூளும் பகையே கதை. கட்சித் தலைமை அப்படத்தை விரும்பவில்லை; வெளிநாடுகள் வியந்து பாராட்டின. சமத்துவம் பேசிய நாட்டில் கார் உடையவன், கைகாட்டுபவன் என இரு வகுப்புகள் தோன்றிவிட்டதை அப்படம் சொல்லிவிட்டது. லாரி ஓட்டுநரும் மாணவனும் ஏறத்தாழ நிகரானவர்கள். காரின் கதவைத் திறப்பவனோ தன்னை ஈகையாளனாகக் கருதத் தொடங்குகிறான். லிப்ட் கொடுத்தலில் மறைந்துள்ள இந்த ஏற்றத்தாழ்வை எந்தச் சீட்டாலும் முழுதும் சமன்செய்ய இயலவில்லை.

பெண் பயணியரின் நிலையையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். பாட்டில் துள்ளலாக ஒலித்த பயணம், தனித்து நின்ற பெண்ணுக்கு எப்போதும் அவ்வாறு அமைந்ததில்லை. பெயர் பொறித்த புத்தகமும் சாட்சிச் சீட்டும் அச்சத்தைக் குறைத்திருக்கலாம், நீக்கியிருக்க முடியாது. நம்பிக்கையின் விலையை அனைவரும் ஒரே அளவில் செலுத்துவதில்லை.

கவிஞருள் எட்வர்ட் ஸ்தாஹூராவின் பெயர் இவ்வலைச்சலோடு பிரிக்க முடியாதது. 1937இல் பிரான்சில், போலந்திலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தில் பிறந்தவர். 1948இல் குடும்பத்தோடு தாய்நாடு திரும்பியவர். பிரெஞ்சு இலக்கியம் பயின்றவர். நிலையான முகவரியின்றி ஊர் ஊராகத் திரிந்து, காட்டில் மரம் வெட்டும் கூலிகளோடு வாழ்ந்த அனுபவத்தை 1971இல் வெளிவந்த 'செக்கியெரெசாதா' என்னும் நாவலாக்கினார். வாழ்வதும் எழுதுவதும் இரண்டல்ல என்பது அவர் கொள்கை. தனது 41ஆம் வயதில், 1979 ஜூலையில், தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அதன் பின்னரே அவர் புகழ் பெருகியது. கிதாரும் முதுகுப்பையுமாகச் சென்ற இளைஞர், அவருடைய கவிதைகளுக்கு இசையமைத்துத் தீயைச் சுற்றி அமர்ந்து பாடினர். அரசு அச்சிட்ட புத்தகத்தோடு சாலையில் நின்ற தலைமுறை, அரசின் எந்தப் பட்டியலிலும் அடங்காத ஒரு கவிஞனைத் தன் வழித்துணையாக ஏற்றது குறிப்பிடத்தக்கது.

வெற்று இலையும் ஆற்றுப்படையும்

ஒரு குழுவின் தாளால் மட்டும் ஒரு நாடு அயலானை ஏற்றிக்கொள்ளப் பழகிவிடாது. போலந்தில் அதற்கு முன்னரே ஒரு மரபு இருந்தது. கிறித்துமசுக்கு முந்திய இரவு விருந்தில், குடும்பத்தார் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக வைப்பர். அழையாமல் வரக்கூடிய வழிப்போக்கனுக்கென ஒதுக்கிய இடம் அது. பெரும்பாலான ஆண்டுகளில் அத்தட்டு வெறுமையாகவே இருக்கும். எனினும் வைக்கத் தவறுவதில்லை.

தமிழ் கற்றோர்க்கு இது புதிதாகத் தோன்றாது. 'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்பொருள்; உறவினரும் நண்பரும் அல்லாத புதியவரையே அச்சொல் குறித்தது. காசற்ற பயணியின் கையேடு ஒன்று உலகில் எங்கேனும் இலக்கியமாக வளர்ந்ததுண்டா எனத் தேடினால், ஆற்றுப்படை நூல்களே கண்முன் நிற்கும். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிர்வரும் பாணனுக்கு வழி சொல்கிறான். எந்த நிலத்தில் எவர் வாழ்வர், அவர் என்ன உணவு தருவர் என்பதையெல்லாம் விரித்துரைக்கிறான். பெரும்பாணாற்றுப்படையில் எயினரும் ஆயரும் உழவரும் வலைஞரும் தத்தம் உணவோடு வழிநெடுகக் காத்திருக்கின்றனர். கொடையாளியாகிய மன்னனைப் பாடுவதே நூலின் நோக்கம் என்பர். ஆயினும் மன்னனின் வாயிலை அடையும் வரையில் பாணனை உயிரோடு வைத்திருப்பவர், பாட்டுடைத் தலைவனாகாத எளிய மக்களே. போலந்துச் சாலையில் அவ்விடத்தை லாரி ஓட்டுநர்கள் பெற்றனர். அவர்களைப் பாடியோர் சிலரே. சீட்டுகளோ அவர்களின் ஈகையைக் கிலோமீட்டரில் அளந்து எழுதின.

சீட்டு மறைந்த காலம்

1973இல் இத்தாலிய உரிமத்தில் 'ஃபியட் 126' என்னும் சிறு கார் போலந்தில் உருவாகத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு வரை 33 இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் அந்நாட்டில் உருவாயின. குடும்பங்கள் மெல்ல மெல்லத் தமக்கென வண்டி பெற்றன. அச்சிறு காரில் நால்வரும் பெட்டிகளும் ஏறியபின் ஐந்தாமவனுக்கு இடமேது?

1981 டிசம்பர் 13ஆம் நாள் இராணுவச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தொலைபேசிகள் ஓய்ந்தன, சாலைகளில் சோதனைச் சாவடிகள் எழுந்தன, வெளியூர் செல்லவே ஒப்புதல் பெற வேண்டியதாயிற்று. 1983 ஜூலையில் அச்சட்டம் நீங்கிய பின்னரும் எரிபொருள் பங்கீடு தொடர்ந்தது. இத்தனைக்கும் நடுவே ஆட்டோஸ்டாப் புத்தகம் அழியாமல் நின்றது. பஞ்சமும் தடையும் அதனைக் கொல்லவில்லை. வளமும் விடுதலையுமே அதனை முடித்துவைத்தன. 1989இல் ஆட்சி மாறியது. 1990 தொடக்கத்தில் சந்தைப் பொருளாதாரம் அதிரடியாகப் புகுத்தப்பட்டது. அரசு நிறுவனங்களின் லாரிகள் தனியாருக்குச் சென்றன. புதிய முதலாளி தன் வண்டியில் அயலார் ஏறுவதை விரும்பவில்லை. கடவுச்சீட்டு வீட்டுக்கு வந்துவிட்டது. இளைஞர் பாரிசுக்கும் இலண்டனுக்கும் புறப்பட்டனர். 1990களின் நடுப்பகுதியில் ஆட்டோஸ்டாப் புத்தகம் நின்றுபோயிற்று.

இதே வேளையில் உலகின் மறுகோடியில் கியூபா வேறொரு சோதனையில் இறங்கியிருந்தது. 1991இல் சோவியத் ஒன்றியம் சிதைந்ததும் எரிபொருள் வரத்து சுருங்கியது, பேருந்துகள் நின்றன. மஞ்சள் உடையணிந்த அலுவலர் சாலைச் சந்திப்புகளில் நின்று, அரசு வண்டிகளை நிறுத்தி, காத்திருப்போரை வரிசைப்படி ஏற்றி அனுப்பினர். அரசு வண்டியில் இடமிருந்தால் ஏற்ற மறுக்கக் கூடாது என்பது விதி. போலந்து ஓட்டுநரின் விருப்பத்துக்கு ஊக்கம் தந்தது. கியூபா அவ்விருப்பத்தைக் கடமையாக்கியது. கியூபாவில் பயணி வண்டியை உரிமையோடு எதிர்பார்த்தான். போலந்தில் ஒவ்வொரு வண்டியும் அவனுக்கு எதிர்பாராத பேறாக வந்தது. இரண்டும் மக்களைச் சேரவேண்டிய இடத்தில் சேர்த்தன. எனினும் ஏற்றிச் சென்றவரும் ஏறி வந்தவரும் ஒருவரையொருவர் நினைவில் வைத்துக்கொள்ள வாய்ப்பளித்தது போலந்தின் முறையே.

பலகை கைமாறியது

2022 பிப்ரவரி 24ஆம் நாள் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. முதல் ஒரு மாதத்துக்குள் 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் போலந்து எல்லையைக் கடந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். மெதிகா எல்லைக் கடவையிலும் அருகிலுள்ள பிஷெமிசில் நகரிலும் அந்நாட்களில் ஒரு காட்சி காணப்பட்டது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தம் கார்களோடு வந்த மக்கள், அட்டைகளில் ஊர்ப்பெயர் எழுதித் தூக்கிப் பிடித்து நின்றனர். வார்சா, கிராக்கோவ் என்னும் பெயர்கள் அவற்றில் இருந்தன. சிலர் ஜெர்மானிய நகரங்களின் பெயரையும் எழுதியிருந்தனர். ஊர்ப்பெயர் எழுதிய அட்டை எப்போதும் வண்டி தேடும் பயணியின் கையில் இருப்பது. இங்கே அது வண்டி உடையவரின் கையில் இருந்தது.

அடுத்து நடந்ததும் கருதத்தக்கது. ஆதரவற்ற பெண்களையும் சிறுவரையும் தீயோர் கடத்திச் செல்லக்கூடும் என்னும் அச்சம் எழுந்தது. எனவே வரவேற்பு மையங்களில் ஓட்டுநர்களின் பெயரும் வண்டி எண்ணும் பதிவு செய்யப்பட்டன. அறுபதாண்டுகளுக்கு முன் பயணியின் பெயரைப் பொறித்த தாள், இப்போது ஓட்டுநரின் பெயரைப் பொறித்தது. முன்பின் அறியாதவரிடையே நம்பிக்கை தோன்ற ஈரநெஞ்சம் வேண்டும். அது கெடாமல் நிலைக்கச் சாட்சி வேண்டும். 1958இல் கண்ட இவ்வுண்மையை நாடு மீண்டும் கண்டுகொண்டது.

இவ்வரலாறு புகழ்மாலையாக மட்டும் முடிந்துவிடவில்லை. அதே நாட்டின் மற்றோர் எல்லையில், பெலாரசை ஒட்டிய காடுகளில், 2021 முதல் மத்திய கிழக்கு நாடுகளிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த அகதியர் குளிரில் தவித்தனர். பலர் எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டனர். அவர்களுக்கு உணவளித்து, வண்டியில் இடங்கொடுத்தோர் சிலர் மீது வழக்கே தொடரப்பட்டது. ஓர் எல்லையில் அறமெனப் போற்றப்பட்ட செயல் மற்றோர் எல்லையில் குற்றமாயிற்று. கிறித்துமசு இரவின் கூடுதல் தட்டு எவருக்கு உரியது, எவருக்கு உரியதன்று என்னும் பழைய வினா அக்காடுகளில் விடையின்றி நின்றது.

ஆட்டோஸ்டாப் புத்தகங்கள் இன்று பழம்பொருள் சேகரிப்போரின் கைகளில் உள்ளன. அவற்றுட் பலவற்றில் கிழிக்கப்படாத சீட்டுகள் எஞ்சியிருக்கும். பருவம் முடியும்வரை போய்ச் சேராத தொலைவுகள் அவை. கிழிக்கப்பட்ட சீட்டுகளின் அடிக்கட்டைகளோ, ஏதோ ஓர் ஊரின் எல்லையில் ஏதோ ஒரு லாரி நின்றதையும், பெயரறியாத ஒருவர் கதவைத் திறந்ததையும் கூறிக்கொண்டிருக்கின்றன.